அளந்து இடும் பொறியும் நம் இளைஞர் கையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் ஏறுவோர் வாழ்த்துக் கூறி அமர்வது மரபு. ஆனால் விழாக் குழுவினர் என்னிடம், "தொழிற்சாலைகளில் இன்று என்ன நடக்கிறது, நம் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்" என்று பணித்தார்கள். தொழில் உலகம் முழுவதையும் அரைமணி நேரத்தில் அளந்துவிட எவராலும் இயலாது. ஆகவே ஒரே ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, அதை எவ்வாறு அமைப்பது, அதற்கு எவ்வாறு நிரல் எழுதுவது, அதன் முன் நம் இளைஞர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பனவற்றைச் சொல்ல விழைகிறேன். தொழிற்சாலையில் அதை "டிஸ்பென்சிங் மெஷின்" என்பார்கள். திரவத்தைத் தானே அளந்து, குறித்த இடத்தில் குறித்த அளவில் இடும் பொறி என்று நாம் பொருள் கொள்ளலாம்.

பழந்தொழிலும் புதுத்தொழிலும்

நாம் வாழும் இத்தென்புறநகர்ப் பகுதியின் தொழில் வரலாறு நம் மக்களின் உடலில் எழுதப்பட்டது. பல்லாவரம், திரிசூலம், பம்மல் ஆகிய ஊர்களின் கல் குவாரிகளில் பாறை உடைத்தவர்களுள் நம்மவர் இருந்தனர். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலும், நாகல்கேணியின் தோல் பதனிடும் கூடங்களிலும் சுண்ணாம்பு நீரிலும் குரோம் நீரிலும் கை நனைத்தவர்களுள் நம்மவர் இருந்தனர். கழிவுநீர்க் குழிகளில் இறங்கி மீளாது போனவர்கள் யாவர் என்பதை இந்த அவையில் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிலமோ நமக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதுவே. அந்நிலங்களில் பெரும்பகுதி நம் கையில் தங்கவில்லை என்பதும் நாமறிந்ததே.

நிலம் தங்காத மக்களுக்கு நிலைத்த சொத்து கல்வி ஒன்றே எனக் கண்டவர்கள் இம்மண்ணிலேயே தோன்றினார்கள். செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் இதழ் நடத்தினார். அடையாற்றுப் பகுதியில் 1894இல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி, தீண்டாமைக்கு ஆளான பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி.ராஜா ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்தார். அந்த வழியில் வந்ததே நம் கழகமும்.

அப்பெரியோர் காலத்தில் இல்லாத ஒரு வாய்ப்பு இன்று நம் வாயிற்படியில் நிற்கிறது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டையும், 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலமும் தோன்றின. நாம் "மெப்ஸ்" என்றழைக்கும் அம்மண்டலம் 2003இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. பின்னர் மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மகேந்திரா நகரம் என்று தொழிற்சாலைகள் பெருகின. மின்னணுச் சாதனங்களும் மோட்டார் வாகன உறுப்புகளும் உருவாகும் இவ்வாலைகளில், நான் குறிப்பிட்ட பொறி ஏதேனும் ஒரு வடிவில் காணப்படுகிறது. கைப்பேசியின் கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டுவது, எல்.இ.டி. விளக்கின் மின்சுற்றில் ஈரம் புகாமல் பிசின் ஊற்றுவது, காரின் முன் கண்ணாடிக்குப் பசை வரியிடுவது, எஞ்சின் மூடிக்குக் கசிவு தடுக்கும் சிலிக்கோன் இடுவது ஆகிய யாவும் இப்பொறியின் வேலைகளே.

ஒன்றை நீங்கள் உணர வேண்டும். இத்தொழிலுக்குப் பரம்பரை கிடையாது. இதைக் குலத்தொழில் என்று உரிமை கொண்டாட எந்தக் குலமும் இல்லை. நம் கண்முன்னே வந்திறங்கிய தொழில் இது. முதலில் கற்றவரே இதில் மூத்தவர்.

பொறியின் உறுப்புகள்

பொறியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் தத்துவம் நம் வீட்டு அடுக்களையிலும் வாசலிலும் உள்ளது. முறுக்கு அச்சில் மாவை இட்டு அழுத்துகிறோம். துளையின் அளவுக்கேற்ப மாவு இழையாக இறங்குகிறது. வாசலில் நம் தாய்மார்கள் கோலமிடுகிறார்கள். புள்ளி வைத்து, கோடு இழுத்து, வளைவு சேர்க்கிறார்கள். கை விரைந்தால் கோடு மெலிகிறது. கை தயங்கினால் மாவு குவிகிறது. அச்சின் அழுத்தமும் கோலத்தின் கைவீச்சும் ஒன்றுசேர்ந்தால் அதுவே இப்பொறி.

அச்சின் இடத்தில் சிரிஞ்ச் இருக்கிறது. அதனுள் பசை; அதன்மேல் பிஸ்டன்; கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று பிஸ்டனை அழுத்துகிறது. துளையின் இடத்தில் ஊசிமுனை. கையின் இடத்தில் இடவலம், முன்பின், மேல்கீழ் என மூன்று திசைகளில் நகரும் மேசையும் தண்டும்; அவற்றை எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் என்பர். இவற்றை ஆள்வது கண்ட்ரோலர். காற்றழுத்தத்தால் தள்ளுவது எளிய முறை. திருகுத் தண்டால் தள்ளுவதும், முனை பொருளைத் தொடாமலே துளியைத் தெறிக்க வைப்பதும் விலை மிகுந்த முறைகள். எளிய முறையைத் தெளிவாகக் கற்றவருக்கு மற்றவை கடினமல்ல.

திரவத்தின் குணம்

பொறியை அமைப்பவர் முதலில் அறிய வேண்டியது திரவத்தையே. தண்ணீர் எளிதில் ஓடும்; தேன் மெல்ல ஓடும். இந்த எதிர்ப்புக் குணத்தைப் பாடநூல் "பாகுநிலை" என்கிறது. வெப்பம் ஏறினால் பாகுநிலை குறையும். சென்னைக் கோடையில் காலை ஆறு மணிக்கு ஒரு வகையாக இறங்கிய பசை, குளிர்சாதனம் நின்றுபோன பிற்பகலில் வேறு வகையாக இறங்கும். பொறி மாறவில்லை, நிரலும் மாறவில்லை, திரவம் மாறிவிட்டது. இதை அறியாதவர் நிரலைக் குறை கூறுவார்.

இரண்டாவது, ஊசித்துளை. நீர்மம் குழாயில் ஓடும் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும் என்பது பாய்சொய் விதி. 21 கேஜ் ஊசியின் உள்விட்டம் சுமார் 0.51 மி.மீ.; 25 கேஜ் ஊசியினுடையது சுமார் 0.25 மி.மீ. விட்டம் பாதியானதால் பாயும் அளவும் பாதியாகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஊசியின் நிறத்தைப் பார்த்து எடுத்து மாட்டுவோர், நிறக்குறியீடு எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கேஜ் எண் கூடினால் துளை சிறுக்கும்.

மேலும் பல பசைகள் பாய்சொய் விதிக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. அழுத்தம் கூடக்கூட அவை இளகி ஓடும். ஆதலால் அழுத்தத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தினால் பசை பத்து விழுக்காட்டுக்கும் மிகுதியாக வெளிவரக்கூடும். சிறிது சிறிதாகவே திருத்த வேண்டும்.

மூன்றாவது, காலம். இரு கூறுகளைக் கலந்து இடும் எப்பாக்சிப் பிசின், கலந்த நொடியிலிருந்து இறுகத் தொடங்கும். அது வேலைக்கு உதவும் கால அளவு தரவுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். உணவு இடைவேளை அதனினும் நீண்டதாயின், கலவைக் குழலைக் கழற்றி எறிந்துவிட்டு உண்ணப் போக வேண்டும். இல்லையேல் திரும்பி வரும்போது அது கல்லாகியிருக்கும். ஈரத்தால் இறுகும் சிலிக்கோனுக்கு நம் கடற்கரை நகரின் காற்றே போதும். ஊசிமுனையில் விரைவில் தோல் கட்டும். குளிர்பெட்டியில் வைத்த சிரிஞ்சை எடுத்தவுடன் திறந்தால் அதன்மேல் நீர் வியர்த்துப் பசையில் கலக்கும். மூடியைத் திறவாமலே அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, காற்றுக் குமிழி. பசைக்குள் சிக்கிய குமிழி அழுத்தத்தில் சுருங்கிப் பின் விரியும். அதனால் வால்வு மூடிய பின்னும் முனையில் பசை வழியும். குமிழி நீக்கிய பசையைப் பயன்படுத்துவதும், பிஸ்டனைச் சரியாக அமர்த்துவதும் இதற்கு மருந்து. சிரிஞ்ச் காலியாகி வரும்போது, உள்ளே அழுத்தப்பட வேண்டிய காற்றின் கொள்ளளவு கூடுகிறது. ஆகவே சிறு புள்ளிகள் மேலும் சிறுக்கும். தொடக்கத்தில் எடை பார்த்தது போதாது. இடையிலும் பார்க்க வேண்டும்.

கணக்கும் நிரலும்

இனி மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். 80 மி.மீ. நீளமும் 45 மி.மீ. அகலமும் உள்ள ஒரு மூடியின் விளிம்பைச் சுற்றிப் பசை வரியிட வேண்டும் என்று கொள்வோம். சுற்றளவு 250 மி.மீ. பசை வரியின் குறுக்குப் பரப்பு 1 சதுர மி.மீ. முனை நொடிக்கு 20 மி.மீ. நகர்கிறது. எனவே நொடிக்கு 20 கன மி.மீ. பசை வர வேண்டும். முழு வரிக்கு 12.5 நொடி, பசை 250 கன மி.மீ., அதாவது கால் மில்லி லிட்டர். பசையின் அடர்த்தி மில்லி லிட்டருக்கு 1.2 கிராம் எனில், ஒரு மூடிக்கு 0.30 கிராம். ஒரு கிலோ பசையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மூடிகள் செய்யலாம்.

இக்கணக்கை எவ்வாறு சரிபார்ப்பது? முனையை நகர்த்தாமல் ஒரு சிறு கிண்ணத்தில் 10 நொடி பசையை விட்டு, நுண்தராசில் நிறுக்க வேண்டும். 0.24 கிராம் இருந்தால் சரி. 0.26 இருந்தால் மிகுதி. அழுத்தத்தைச் சிறிது குறைக்கலாம், அல்லது முனையின் வேகத்தை நொடிக்கு சுமார் 21.7 மி.மீ. ஆக்கலாம். எட்டாம் வகுப்பில் கற்ற நேர்விகிதமே இது. தொழிற்சாலையில் இதற்குப் பெயர் "செட்டிங்". இதைச் செய்யத் தெரிந்தவருக்குப் பெயர் "செட்டர்".

நிரல் என்பது பொறிக்கு நாம் எழுதும் கட்டளைத் தொகுப்பு. ஜி-கோடு என்னும் எழுத்து முறையில் ஜி28 என்றால் தொடக்க இடத்துக்குத் திரும்பு. ஜி0 என்றால் பசை இடாமல் விரைந்து செல். ஜி1 என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் செல். ஜி2, ஜி3 என்றால் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் வளைந்து செல். ஜி4 என்றால் குறித்த நேரம் நில். மேசைமேல் வைக்கும் பல பொறிகளில் இதை எழுதவும் வேண்டியதில்லை. கையடக்கப் பலகையின் பொத்தான்களால் முனையை நகர்த்திச் சென்று, "இது புள்ளி, இது கோட்டின் தொடக்கம், இது திருப்பம், இது வளைவின் நடு, இது முடிவு" என்று ஒவ்வோரிடத்தையும் பொறிக்குக் கற்பிக்கலாம்.

இடங்களைக் கற்பித்தால் மட்டும் நல்ல வரி கிடைத்துவிடாது. வால்வு திறந்ததும் பசை உடனே முனைக்கு வருவதில்லை. ஆகவே தொடக்கத்தில் இமைப்பொழுது நின்று பின் நகர வேண்டும். வால்வு மூடிய பின்னும் சிறிது வழியும். ஆகவே கோடு முடியுமுன்னரே மூட வேண்டும். மூலையில் முனை வேகம் குறையும். அங்கே பசை குவியும். ஆகவே மூலையைச் சிறு வளைவாக்க வேண்டும். முடிவில் முனையைச் சிறிது தூக்கி, பசையின் வாலை அறுத்து, பின்னரே அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். இவற்றுக்கான அளவுகளைத் தரவுத்தாள் தராது. பழுதான பொருள்மேல் பலமுறை இட்டுப் பார்த்தே காண வேண்டும்.

பொறியை அமைக்கும் ஒழுங்கு

வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். பசையின் பெயரையும் காலாவதி நாளையும் படிக்க வேண்டும். காற்றுக் குழாயில் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். பொருளைப் பற்றிக்கொள்ளும் தாங்கி அசையாமல் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். ஊசியை நேராகவும் இறுக்கமாகவும் மாட்ட வேண்டும். ஊசி மாற்றிய ஒவ்வொரு முறையும் முனையின் இடத்தைப் பொறிக்குப் புதிதாக அறிவிக்க வேண்டும். இதனை இருமுறை சொல்லத் தகும். புதிய ஊசி பழைய ஊசியைவிட அரை மி.மீ. விலகினாலும் வரி முழுவதும் அரை மி.மீ. விலகும், உயரம் குறைந்தால் முனை பொருளில் மோதி வளையும், கூடினால் பசை நூல்போல் ஆடும்.

அடுத்து, பசை இன்றி ஒருமுறை நிரலை மெதுவாக ஓட்ட வேண்டும். பின் கண்ணாடித் தகட்டில் ஒருமுறை. பின் எடை. பின் முதல் பொருள். அதை ஆய்வாளர் ஒப்பிய பின்பே தொடர் உற்பத்தி. நிரலில் எதை மாற்றினாலும் புதிய எண் இட்டுச் சேமித்து, யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதை ஏட்டில் எழுத வேண்டும். மின்சாரம் நின்று வந்தால், முதலில் முனையை மேலே தூக்கிய பின்னரே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்; இல்லையேல் தாங்கியும் ஊசியும் சேர்ந்து உடையும்.

உடல்நலம்

தோல் கூடத்தில் நம் முன்னோர் கையை இழந்த கதை இங்கே மீண்டும் நிகழக்கூடாது. இறுகாத எப்பாக்சிப் பிசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை உண்டாகிவிட்டால் பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் தோல் சிவந்து புண்ணாகும். அத்தொழிலையே விட நேரும். பாலியூரிதேன் பசைகளில் உள்ள ஐசோசயனேட்டு மூச்சில் கலந்தால் ஆஸ்துமா வரக்கூடும். பசைக்கேற்ற கையுறை அணிய வேண்டும். பெரும்பாலும் நைட்ரைல் பொருந்தும். கையில் பட்ட பசையைத் தின்னரால் துடைக்கலாகாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். சிரிஞ்சைக் கழற்றுமுன் காற்றழுத்தத்தை இறக்க வேண்டும். கதவு திறந்தால் பொறியை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சை, உற்பத்தி குறைகிறது என்று எவர் சொன்னாலும் கட்டிப்போட இடந்தரக் கூடாது.

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. அதைக் கேட்டுப் பெறுவதும், தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டச் செய்வதும் தொழிலாளியின் உரிமை. படித்த பிள்ளை ஒருவன் வரிசையில் நின்றால், படியாத பத்துப் பேரின் கை காப்பாற்றப்படும்.

கடவுச்சொல் யார் கையில்?

இனி என் உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். இப்பொறியின் முன் இருவகையினர் நிற்கின்றனர். ஒருவர் பொருளை வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தி, பொருளை எடுப்பவர். மற்றவர் நிரலைத் திறந்து திருத்துபவர். கண்ட்ரோலருக்குக் கடவுச்சொல் உண்டு. அது இரண்டாமவரிடம் இருக்கும். முன்னவரை ஒரு நாள் பயிற்சியில் மாற்றிவிடலாம். பின்னவரை மாற்ற முடியாது. ஒப்பந்தக் கூலியாக உள்ளே வரும் நம் பிள்ளைகள் முதல் வகையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். ஐந்தாண்டு அனுபவம் என்கிறார்கள். உண்மையில் அது ஒரு நாள் அனுபவம் ஐந்தாண்டு திரும்பத் திரும்ப நிகழ்ந்ததே.

இதற்கு அவர்களின் அறிவு காரணமன்று. பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி எழும்போது, மேற்பார்வையாளருக்குத் தெரிந்த பெயர் முன்னே வருகிறது. தெரிந்த பெயர் என்பது ஊராலும் உறவாலும் வருவது. நம் நாட்டில் ஊரும் உறவும் எதனால் பிரிக்கப்பட்டவை என்பதை விளக்க வேண்டியதில்லை. வாயிலில் சாதி கேட்பதில்லை. உள்ளே அது வேறு சொற்களில் பேசுகிறது.

பொறி வேலையைப் பறிக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கையால் பசையிட்ட பலரின் இடத்தில் ஒரு பொறி வந்தால் சிலரே மிஞ்சுவர். இதை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் பொறியே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியாரும் தீண்டப்படாத மக்களுக்குச் செய்தது என்ன என்னும் நூலில் இவ்வினாவை எதிர்கொண்டார். உழைத்து ஓய்வதற்கே நேரம் போதாத மனிதனுக்குப் பண்பாடு இல்லை. அந்த ஓய்வைத் தருவது பொறியே. தீங்கு பொறியிலன்று, அதன் பயனைச் சிலரே எடுத்துக்கொள்ளும் சமுதாய அமைப்பில் உள்ளது என்பது அவர் கருத்து. வெறும் கருத்தோடு அவர் நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை அரசின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளியின் வேலை வாரத்தை 48 மணி நேரமாகக் குறைக்கும் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தார். பொறியும் வேண்டும், பொறியின் பயனில் பங்கும் வேண்டும் என்பதே நமக்கு அவர் காட்டிய நெறி.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை நாம் மறக்கலாகாது. ஆயிரக்கணக்கான இளம்பெண்களும் ஆண்களும் வெளியே வந்தார்கள். மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை மூடும்போது பொத்தான் அழுத்தும் பழக்கம் ஆலையோடே மூடப்படுகிறது. பொறியை அமைக்கும் அறிவோ உடையவரோடு நடந்து அடுத்த ஆலைக்குப் போகிறது. வேலை போகாது என்று எந்தக் கல்வியும் உறுதி தராது. வேலை போனபின் நாம் வெறுங்கையராக நிற்பதில்லை என்ற உறுதியை மட்டுமே அது தரும்.

கழகம் செய்யத்தக்கன

ஆகவே வெள்ளி விழாவை ஒட்டி நான்கு வேண்டுகோள்களைக் கழகத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, மாலை வகுப்பு. பயன்படுத்திய முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்றை வாங்கி, அதன் அச்சுத் தலையை நீக்கிச் சிரிஞ்ச் ஒன்றைப் பொருத்தினால், அதுவே கற்பிக்கும் பொறியாகிவிடும். அதுவும் ஜி-கோடுக்கே பணிகிறது. விலையுயர்ந்த பசை வேண்டா. மைதாப் பசை போதும். அதில் கோலமிடக் கற்ற பிள்ளை, ஆலையில் மூடிக்கு வரியிட அஞ்சாது.

இரண்டாவது, ஒரு சிறு தமிழ்க் கையேடு. ஊசி, வால்வு, அழுத்தம், இறுகுகாலம், கதவுச் சுவிட்சு ஆகியவற்றை ஆலையில் வழங்கும் சொல்லாலேயே விளக்கி, எடைக்கணக்கும் உடல்நலக் குறிப்பும் சேர்த்து அச்சிட வேண்டும்.

மூன்றாவது, வழிகாட்டல். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் திட்டத்தை மேற்கொண்டது; ஒரகடத்திலும் அத்தகைய மையம் உண்டு. 2022இல் "நான் முதல்வன்" திட்டம் தொடங்கியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் முனைவோர்க்கென 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும், கடன் வட்டியில் 6 விழுக்காடு மானியமும் அதில் சொல்லப்பட்டன. திட்டம் தாளில் இருப்பது ஒன்று. நம் தெருப் பிள்ளை விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது கழகத்தின் கடமை. திறமை பெற்ற நால்வர் சேர்ந்தால், திருமுடிவாக்கம், பெருங்குடி போன்ற தொழிற்பேட்டைகளில் விளக்கு மின்சுற்றுகளுக்குப் பிசின் ஊற்றித் தரும் கூலி வேலைக் கூடம் ஒன்றை அமைப்பதும் எட்டாத கனவன்று.

நான்காவது, பெண்கள். இவ்வாலைகளின் வரிசைகளில் பெரும்பாலும் நிற்பவர் பெண்களே. செட்டர்களாக விளங்குபவர் பெரும்பாலும் ஆண்களே. நுண்ணிய கைவேலை பெண்ணுக்கு இயல்பு என்று புகழ்ந்து பொத்தானோடு நிறுத்திவிடுகிறார்கள். மாலை வகுப்பின் இருக்கைகளில் பாதியைப் பெண்களுக்கென ஒதுக்குங்கள். இரவில் வீடு திரும்பத் துணை ஏற்பாடும் செய்யுங்கள்.

நண்பர்களே! ஒரு திரவத்தை யார் ஊற்றுவது, யார் ஏந்துவது என்பது இந்நாட்டில் வெறும் வேலைப் பிரிவினையாக இருந்ததில்லை. பொதுக்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசனார் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927இல் மகத்துக் குளத்தில் அண்ணல் நீர் அருந்தியது ஒரு போராட்டமாக வேண்டியிருந்தது. மேலிருந்து ஊற்றிய நீரைக் குனிந்து கையேந்தி வாங்கிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள், ஒரு துளியின் அளவையும் வேகத்தையும் இடத்தையும் தாமே தீர்மானிக்கும் நாள் வந்துவிட்டது. அந்தத் தீர்மானத்துக்குரிய கடவுச்சொல்லை எவரும் நமக்கு வழங்கப் போவதில்லை. கற்றுத்தான் பெற வேண்டும்.

கழகத்தின் பொன்விழாவில் இதே மேடையில் நின்று, இதைவிட நுட்பமான ஒரு பொறியைப் பற்றி இன்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவி ஒருத்தி உரையாற்ற வேண்டும் என்பது என் அவா. 

ஜெய் பீம்!